இன்சுலின் 40ஆ 100ஆ, ஊசி மூடி என்ன நிறம்?

வேலூர்ப் பக்கம் வார்டில் இருக்கும் நர்ஸ் தங்கைகளுக்கும், வீட்டில் அம்மா அப்பாவுக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இது. பாட்டிலில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து) என்று இருந்தால் சிவப்பு மூடி ஊசி, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி ஊசி, மாற்றவே கூடாது. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு, சர்க்கரை மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். குடியாத்தம், ஆம்பூர் என்று ஊர் திரும்புகிறவர்களிடம் டிஸ்சார்ஜ் அன்றைக்கே காலி மருந்து டப்பாவையும் ஊசி மூடியையும் கொடுத்து, மெடிக்கலில் இதைக் காட்டியே வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், "புரிஞ்சுதாம்மா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "காலையில வீட்டுல எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேளுங்கள், எந்தக் கோட்டில் நிறுத்துகிறார் என்பதில்தான் எல்லாம் தெரிந்துவிடும். கண் மங்கலான தாத்தா என்றால் மகளோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிக்கொடுங்கள். சர்க்கரை ரொம்ப இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108.