லேப்டாப் சும்மா இருக்கும்போதே சுடுகிறதா? சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள்

பிரவுசரில் நான்கு டேப், ஒரு வேர்டு கோப்பு. இதற்கே ஃபேன் இரைந்து கீபோர்டு சுடுகிறதென்றால் முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: சூடு அதிகமாக உண்டாகிறதா, உண்டான சூடு வெளியேற வழியில்லையா?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, அதாவது லேப்டாப்பின் முதன்மைச் சிப், எவ்வளவு வேலை செய்கிறது என்ற சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சிபியு 5 சதவீதத்துக்குள், வெப்பம் 40 முதல் 55 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. கோடையில் அறையே 38 டிகிரியில் இருந்தால் இன்னும் சில டிகிரி கூடும், அது பழுதல்ல. பல இன்டெல் சிப்களுக்கு 100 டிகிரி எல்லை. அதை நெருங்கியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடானதும் லேப்டாப் மந்தமாவது இதனால்தான்.

சும்மா இருக்கும்போதே சிபியு 30, 40 சதவீதத்தில் நின்றால் கோளாறு மென்பொருளில். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் இழுப்பது மேலே வரும். அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடினால் முடியட்டும், நடுவில் நிறுத்த வேண்டாம். குரோம் என்றால் அதற்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரிந்துவிடும். பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் சிப் அவ்வப்போது கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்று சூடு நன்றாகவே குறையும்; எழுத்து வேலைக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வரி இல்லாத லேப்டாப்பில் பவர் மோடை பெஸ்ட் பவர் எஃபிஷியன்சிக்கு மாற்றுங்கள்.

சதவீதம் குறைவு, வெப்பமோ 70க்கு மேல் என்றால் காற்றோட்டம்தான் சிக்கல். மெத்தையில் வைத்திருந்தால் அடியிலுள்ள துளைகள் அடைபடும். மேசைக்கு மாற்றி மறுபடி பாருங்கள். குறையவில்லையா, தூசி. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளிபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இடம் மாறுமே தவிர முழுதாக வெளியே வராது. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷால் தட்டி ஊதுங்கள்; வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

அதன் பிறகும் சூடு குறையாவிட்டால்தான் பேஸ்ட். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்தான் ஹீட்சிங்க்; அதன் திருகுகளை அதன்மேல் பொறித்துள்ள எண் வரிசையைப் பார்த்தே கழற்றி மாட்டுங்கள்; தாறுமாறாக இறுக்கினால் சிப்பின் மூலை உடையலாம். காய்ந்த பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிறிய சிப்புக்கு அரிசியளவு புதிது வைத்தால் போதும். பக்கத்திலுள்ள மெத்தென்ற பேட்களைக் கிழிக்காதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

அடிமூடி உப்பியிருந்தாலோ டச்பேட் மேலெழுந்திருந்தாலோ இவை எதையும் செய்ய வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள்.