டிஎல்ஏ பிளஸ்: விட்டு விட்டு வரும் சிக்னலும் போய்ச் சேராத ரசீதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் டெலிவரி ஆட்களின் ஃபோனில் பதிந்த ரசீதுகளில் சில, லோட் ஷெடிங்கில் (சுழற்சி முறை மின்வெட்டில்) ஃபோன் டவர் அணைந்து அணைந்து உயிர்பெற்ற நேரங்களில் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ்ஸில் (ஒரு சிஸ்டம் எப்படி நடக்க வேண்டும் என்று கணித முறையில் எழுதும் மொழி) மாதிரி எழுதி, அதைச் சோதிக்கும் கருவியான டிஎல்சியில் ஓட்டினேன். 'ஒவ்வொரு ரசீதும் என்றாவது சேரும்' என்ற விதி உடைந்தது.

மறுமுயற்சிகளைக் கூட்டினேன், பயனில்லை. ஃபோன்களை ஒன்றாகக் குறைத்தேன், அதே பிழை. ஒரே மாதிரியான ஃபோன்களை வேறுபடுத்தாமல் சோதனையைச் சுருக்கும் சிமெட்ரி அமைப்பையும் எடுத்துவிட்டேன் (இந்த வகை விதியைச் சோதிக்கும்போது அது இருக்கவே கூடாது, டிஎல்சி பிழையைத் தவறவிடலாம்). அப்போதும் அதேதான்.

விதி உடைந்த வழியை டிஎல்சி படிப்படியாகக் காட்டும் பிழைத்தடத்தின் கடைசி வரியில் விடை கிடந்தது. தடம் முடியவில்லை, பழைய நிலைக்கே திரும்பிச் சுற்றுகிறது: இணைப்பு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது, அனுப்புதல் மட்டும் நடப்பதில்லை. மாதிரியில் அனுப்புதலுக்கு இருந்த நிபந்தனை வீக் ஃபேர்னஸ் (டபிள்யூஎஃப்). ஒரு செயல் இடைவிடாமல் சாத்தியமாக இருந்தால்தான் அது நடந்தே தீரும் என்கிறது. விட்டு விட்டு வரும் சிக்னலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அனுப்புதலுக்கு மட்டும் ஸ்ட்ராங் ஃபேர்னஸ் போட்டேன், அதாவது டபிள்யூஎஃப் இருந்த இடத்தில் எஸ்எஃப்: ஒரு செயல் விட்டு விட்டாவது திரும்பத் திரும்பச் சாத்தியமானால் அது நடந்தே தீரும். விதி தேறியது.

சரி, மாதிரியில் எழுதிவிட்டால் ஃபோன் கேட்டுவிடுமா? ஆப்பிலும் டைமருக்குக் காத்திருக்காமல் இணைப்பு வந்ததுமே அனுப்பும்படி மாற்றினோம். அப்புறம் எந்த ரசீதும் தேங்கவில்லை.