போனிடெயில் பாம்: டெல்டா வீடுகளில் அழுகாமல் வளர

அடியில் பெரிய வெங்காயம்போல உருண்ட தண்டு, உச்சியில் நீளநீளமாய்த் தொங்கும் இலைகள். பெயரில் பாம் இருந்தாலும் இது பனை இனம் இல்லை. மெக்சிகோவின் வறண்ட பகுதியைச் சேர்ந்தது. தண்ணீரை அந்த உருண்டையிலேயே சேமித்துக்கொள்ளும். அதனால் தாகத்தில் சாவது அரிது, ஈரத்தில்தான் சாகும்.

நம் வயல் வண்டலைத் தொட்டியில் போடாதீர்கள். இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் காற்று போகாது. பருமணல் 2 பங்கு, தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் 1 பங்கு, பட்டாணி அளவு செங்கல் சில்லு 1 பங்கு, நன்கு மட்கிய சாண எரு அரைப் பங்கு. உருண்டையைவிட 2 அங்குலம் மட்டும் அகலமான மண்தொட்டி போதும். பெரியதில் ஈரம் காய நாளாகும். உருண்டையைப் புதைக்கவே கூடாது, வேர் மட்டும்தான் மண்ணுக்குள்.

வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது. கோடையில் 10 நாளுக்கு ஒருமுறை, அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். அதுவும் விரலை 2 அங்குலம் விட்டு, மண் ஒட்டாமல் வந்தால்தான்.

உருண்டை சுருங்கினால் தாகம், ஊற்றினால் தேறிவிடும். அழுத்தும்போது கொழகொழவென்று அமுங்கி நாறினால் அழுகல். தொடக்கத்திலேயே கண்டால் செடியைப் பிடுங்கி, கறுத்த வேர்களை வெட்டி, நிழலில் ஒரு வாரம் உலர்த்திப் புதுக் கலவையில் நடுங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கம் இலை நுனி கருகினால் தண்ணீரின் உப்பைச் சந்தேகியுங்கள். பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுங்கள்.