நாய்க்குக் கால் வழுக்காத அஜிலிட்டி பலகை: முதல் பலகையைச் செய்வது எப்படி?

அஜிலிட்டி என்பது நாய் வரிசையாகத் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டு. அதில் பயிற்சி தொடங்கும் பலரும் தாண்டும் கம்பி, சுரங்கக் குழாய், வளைந்து ஓடும் கம்பங்கள் என்று முதலில் வாங்கிக் குவிக்கிறார்கள். நான் சொல்வேன்: முதல் செலவு, நாய் ஏறி நடக்கும் பலகையின் மேற்பரப்புக்குப் போகட்டும். ஒரு தடவை வழுக்கி விழுந்த நாய், மறுபடி அந்தப் பலகைப் பக்கம் வரவே தயங்கும்.

முதலில் பலகை. 30 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம், 18 மி.மீ. தடிமனில் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் போதும். போட்டியில் நாய் ஏறி நடந்து இறங்கும் பலகைத் தடையான நடைபாலம் சுமார் 1.2 மீட்டர் உயரம் இருக்கும். தொடக்கத்தில் அந்த உயரம் வேண்டவே வேண்டாம். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் பிரைமர். அறுத்த ஓரங்களில் இன்னொரு கோட் அடியுங்கள், தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

அடுத்தது மேற்பரப்பு. பெயின்டில் மணல் கலந்து பூசுவது பழைய முறை. பிடிமானம் கிடைக்கும்தான், ஆனால் இறங்கும் வேகத்தில் நாய் காலை ஊன்றி நிறுத்தும்போது பாதத்தின் அடிச்சதை உரசிப் புண்ணாகும். கார்ப்பெட்டின் நூல் வளையங்களில் நகம் மாட்டும். பலகைமேல் குறுக்குச் சட்டங்கள் அடித்தால் அவற்றில் விரல் இடிபடும். ரப்பர் துகள்தான் நல்லது.

1 முதல் 3 மி.மீ. அளவுள்ள துகளும், அதை ஒட்டவைக்கும் பசையான பாலியூரித்தேன் பைண்டரும் வாங்குங்கள். கலவை விகிதம் டப்பாவில் இருக்கும், அதை மீற வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துகளும் ஈரமாகப் பளபளக்கும்வரை கிளறுங்கள். உலர்ந்த துகள் ஒன்று விடுபட்டாலும் அது பின்னால் உதிரும். கரணையால் 4, 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, லேசாக மட்டும் அழுத்துங்கள். அழுத்தித் தேய்த்தால் துகள்களுக்கு நடுவே உள்ள சிறு பள்ளங்கள் அடைபட்டுவிடும். பிடிமானம் தருவதே அந்தப் பள்ளங்கள்தான். இரு முனைகளிலும் நாய் கால் வைத்தே தீர வேண்டிய பகுதிக்கு மஞ்சள் நிறத் துகளையே பயன்படுத்துங்கள். மேலே கெட்டியாகப் பெயின்ட் அடித்தால் அதே பள்ளங்கள் நிரம்பிவிடும்.

நன்றாக இறுகியதும் சோதனை. உள்ளங்கையை அழுத்தி இழுத்துப் பாருங்கள், தண்ணீர் ஊற்றி மறுபடி இழுங்கள். இரண்டிலும் கை நழுவக் கூடாது. வெயிலில் ரப்பர் கடுமையாகச் சுடும். புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் அன்று நாயை ஏற்றாதீர்கள்.

பலகையை முதலில் தரையிலேயே போட்டு நடக்க விடுங்கள். நாய் தலை நிமிர்ந்து, வால் தளர்ந்து நடந்தால், ஆடாதபடி இரண்டு பக்கமும் ஒரு செங்கல் உயரம் தூக்கலாம். குட்டியாக இருந்தால் தரையோடு நிறுத்துங்கள். எலும்பு வளர்ந்து முடியும் முன் உயரமும் தாவலும் ஆகாது. எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் கூட்டமைப்பின் போட்டிகளிலேயே 18 மாதம் நிறைந்தால்தான் அனுமதி.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஓரங்களை விரலால் தடவுங்கள். ரப்பர் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, அதே கலவையால் ஒட்டுப்போட்டு, காய்ந்த பிறகே நாயை ஏற்றுங்கள்.