டிட்டிகாக்கா ஏரித் தீவில் ஒரு வீட்டில் தங்குவது எப்படி? குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

பெருவில் இருக்கும் புனோ ஊரிலிருந்து படகில் மூன்று மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே, போனால் அமந்தானி தீவு வரும். அங்கே கார் ஓடாது. கேச்சுவா மொழி பேசும் விவசாயக் குடும்பங்கள் வீட்டில் ஓர் அறையை நமக்கு ஒதுக்கி, தங்கள் அடுப்பிலேயே நமக்கும் சேர்த்துச் சமைத்துப் போடுவார்கள். குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம், ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசையில் கோட்டை விட்டால் பயணமே தலைவலியாகிவிடும் (நிஜமான தலைவலி, கீழே சொல்கிறேன்).

படி 1: விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு பெரு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் விசா ஏதாவது ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது. இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஏரி இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,810 மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. தலைநகர் லிமாவிலிருந்து, புனோவுக்குப் பக்கத்து விமான நிலையம் இருக்கும் ஹுலியாக்காவுக்கு விமானத்தில் போய் இறங்கினால் கடற்கரையிலிருந்து ஒரே தாவலில் அந்த உயரத்துக்குப் போய்விடுவீர்கள், பெரியவர்களுக்கே தலை கிறுகிறுக்கும், குழந்தைகள் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதனால் முதலில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அரெக்கிப்பாவில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள், பிறகு பஸ்ஸில் புனோ, அங்கேயும் ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் தீவு. மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால் தீவுக்குப் போகும் யோசனையை விட்டுவிட்டுக் கீழே இறங்குவதுதான் மருந்து, ஏனென்றால் தீவிலிருந்து ராத்திரியில் அவசரமாகக் கிளம்புவது லேசான காரியமில்லை.

படி 3: படகு. புனோவில் எல்லா ஏஜென்சியும் இரண்டு நாள் பேக்கேஜ் விற்கும்: கோரைப்புல்லால் கட்டிய ஊரோஸ் மிதக்கும் தீவுகள், ராத்திரி அமந்தானி, மறுநாள் தக்கீலே என்ற இன்னொரு தீவு. சௌகரியம்தான். ஆனால் என்னைக் கேட்டால், காலையில் துறைமுகத்துக்கே போய்த் தீவுக்காரர்களின் படகில் ஏறுங்கள். வீடு ஒதுக்க ஊருக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், இறங்கியதும் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவார். அறைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள பணத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம். பேக்கேஜில் எவ்வளவு அவருக்குப் போய்ச் சேருகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. பெருவின் பணமான சோலில் சில்லறை நோட்டுகளாகப் புனோவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: மூட்டை. பகலில் வெயில் தோலை உரிக்கும், ராத்திரி நடுங்கும், ஜூன், ஜூலையில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். தொப்பி, சன்ஸ்கிரீன், கம்பளிக் குல்லா, ஆளுக்கொரு டார்ச். மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகட்டிலிருந்து வருவது, ஆகவே பவர்பேங்க். கழிப்பறை பல வீடுகளில் முற்றத்தைத் தாண்டி இருக்கும், குழந்தையை ராத்திரி எழுப்பிக் கூட்டிப்போக வேண்டிவரும். வெறுங்கையோடு போகாதீர்கள்: அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம். எல்லாமே படகில்தான் வர வேண்டும் என்பதால் இவற்றுக்கு அங்கே மதிப்பு அதிகம். மிட்டாயை வழியில் குழந்தைகளுக்கு வாரி இறைக்க வேண்டாம், எதுவானாலும் வீட்டம்மாவிடம் கொடுங்கள்.

படி 5: வீட்டில். சைவக்காரர்களுக்கு இது நல்ல இடம். கீன்வா சூப், பலவகை உருளைக்கிழங்கு, ஓக்கா என்ற இனிப்புக் கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, இவைதான் வழக்கமான சாப்பாடு. சாப்பாடு வரத் தாமதமானால் முகம் சுளிக்காதீர்கள், இந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிழங்கு லேசில் வேகாது. சாப்பிட்டதும் முன்யா என்ற புதினா இன மூலிகைத் தேநீர் தருவார்கள். கொக்கெயின் எடுக்கப்படும் செடியான கோக்காவின் இலையும் அங்கே சகஜம். ஆனால் ஒரு இலையைக்கூடப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். பெரியவர்களில் சிலருக்கு ஸ்பானிஷே அரைகுறைதான், "அயியாஞ்சு" என்று கேச்சுவாவில் நலம் விசாரித்தால் முகம் மலரும். பாத்திரம் கழுவ, கிழங்கு உரிக்கக் குழந்தைகளை அனுப்புங்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 6: மாலையில் மலை. பச்சமாமா, பச்சதாத்தா என்று பூமித்தாய்க்கும் பூமித்தந்தைக்கும் இரண்டு உச்சிகள், இரண்டிலும் பழைய கோயில். வெயில் தாழக் கிளம்பி மெதுவாக ஏறுங்கள், குழந்தை நின்றால் நீங்களும் நில்லுங்கள். கோயில் கதவு சாத்தியே இருக்கும், சுற்றி வரலாம். இறங்கும்போது இருட்டிவிடும், டார்ச்சை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். ராத்திரி அவர்கள் உடையை நமக்குப் போட்டுவிட்டு ஆடக் கூப்பிடுவார்கள்; சுற்றுலாக்காரர்களுக்காகவே நடத்துவதுதான், இருந்தாலும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

மறுநாள் தக்கீலே போவதாக இருந்தால் எந்தத் துறையில் இறக்குவார்கள் என்று படகோட்டியிடம் முன்னாலேயே கேளுங்கள். ஒரு பக்கம் 500க்கும் மேற்பட்ட கல்படிகள் இருக்கின்றன, அந்த வழியாக இறங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏற வேண்டாம்.