குலுக்கல் பரிசு விளம்பரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் வடிவமைக்கிறேன். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு பரிசுக் கூப்பன் வேலையும் குவியும். புதிதாக வருகிறவர்கள் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழையை விட்டுவிடுகிறேன், அதை யாராவது பிடித்துவிடுவார்கள்.

லாட்டரிச் சீட்டு விளம்பரம்

தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. கேரளச் சீட்டுக்கு நோட்டீஸ் கேட்டால் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

முடிவை வெளியிடாமல் விடுவது

மூன்று ஆடிக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்கு நாளிதழில் கால் பக்கம் செய்தேன். குலுக்கல் முடிந்ததும் பரிசு எண்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன், கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார்கள். பேப்பரிலும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா பஸ் பிடித்து இறங்கி வந்தார். சுருக்குப்பையில் நான்காக மடித்த கூப்பன், ஓரத்தில் வெற்றிலைக் கறை. அவருக்கு மூன்றாம் பரிசு, கிரைண்டர். முப்பது நாள் கெடு தாண்டிவிட்டது என்று கடையில் கையை விரித்தார்கள். அந்தக் கெடு கூப்பனுக்குப் பின்னால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அப்படி வைத்தவன் நான்.

“பேப்பர்ல பாத்துத்தானுங்க துணி எடுத்தேன். அதே பேப்பர்ல நம்பரும் போட்டிருந்தா வந்திருப்பேனுங்களே?”

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. பரிசுத் திட்டம் முடிந்ததும் முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் வைத்திருப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. திட்டத்தை விளம்பரம் செய்த அதே பத்திரிகையில், நியாயமான காலத்துக்குள், கண்ணில் படும்படி வெளியிட்டால் தெரிவித்ததாகக் கணக்கு. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் கிரைண்டர் அவர் வீட்டுக்குப் போனது. இன்றைக்கும் யாராவது “முடிவைக் கடையிலேயே ஒட்டிக்கலாம்” என்றால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் விளம்பரத்துக்கு இடம் பிடிக்கும்போதே முடிவு விளம்பரத்துக்கும் தேதி குறித்துவிடுங்கள்.

பொடி எழுத்து நிபந்தனை

விளம்பரம் தமிழில் என்றால் நிபந்தனையும் தமிழில், அதே எழுத்துருவில், பளிச்சென்று தெரியும் இடத்தில். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வது இது.

வக்கீலைக் கேட்காமல் இறங்குவது

விற்பனையைக் கூட்ட நடத்தும் குலுக்கலையே அதே 2019 சட்டம் முறையற்ற நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது. அதனால் கடைக்காரர் முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டு வரட்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். வெளியிட்டவரும் அதில் மாட்டுவார்.

புரூஃப்

அச்சுக்கு முன் எடுக்கும் இந்த மாதிரித் தாளில் கடைக்காரர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.