அப்பாவின் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு புத்தகம்: ஸ்கிராப்புக் தொடங்குவது எப்படி

அப்பா தவறி ஒரு வருடம் கழித்து பீரோவின் அடித்தட்டை ஒதுங்க வைத்தபோது அந்த பிஸ்கட் டின் கிடைத்தது. ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட பஸ் டிக்கெட் கட்டு ஒன்று, செங்கோட்டை–புனலூர் ரயிலின் அட்டை டிக்கெட் இரண்டு, ஒரு தந்தி, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ஓரத்தை அலை அலையாக வெட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் பதினொன்று. அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கட்டைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். அம்மா அதிலிருந்து ஒரு இளஞ்சிவப்பு டிக்கெட்டை உருவி, அரை மணி நேரம் பேசினாள். அன்றைக்குத்தான் இதைப் புத்தகமாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். இப்போது நாலு புத்தகங்கள் முடித்துவிட்டேன். எங்கள் தென்காசித் தெருவிலேயே மூன்று பேர் என்னிடம் கேட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆல்பத்தில் படம் மட்டும் இருக்கும். ஸ்கிராப்புக்கில் படத்தோடு டிக்கெட், கடிதம், மளிகைச் சீட்டு, ஒரு துண்டுச் சேலைக்கரை, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கையெழுத்து எல்லாம் ஒன்றாகச் சேரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். ஸ்டிக்கரும் ரிப்பனும் பூப்போட்ட தாளுமாக 12×12 அங்குலப் பெட்டிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அதை வாங்கினால் அந்தத் தாளுக்கு ஏற்ற படத்தைத் தேட ஆரம்பிப்பீர்கள். முதலில் விஷயம் வேண்டும், அதுவும் சின்ன விஷயமாக வேண்டும். ‘எங்கள் குடும்பம்’ என்று தொடங்கியவர்கள் நாலாம் பக்கத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் சமையல், பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு, ஒரே ஒரு பயணம், நீங்கள் குடியிருந்து விட்டுவந்த ஒரு வீடு, இப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 பக்கம் போதும். என் முதல் புத்தகம் அப்பாவின் வேலை பற்றி மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட அதில் சேர்க்கவில்லை, அது வேறு புத்தகத்துக்குப் போனது.

அடுத்த வேலைதான் உண்மையில் முதல் வேலை. பசையைத் தொடுவதற்கு முன்னால், விஷயம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மாவுக்கு அப்போது 81 வயது. சாயங்காலம் காப்பி குடித்த பிறகு ஒரு நாளைக்கு மூன்று படம், அதற்கு மேல் கிடையாது. போனில் ரெக்கார்டரைப் போட்டுத் தரையில் வைத்துவிடுவேன். ஒரு படத்தில் கிணற்றடியில் நாலு பெண்கள் நிற்கிறார்கள். “ஏட்டி, இவதான் கடையநல்லூர்ல கெட்டிக் குடுத்த எங்க மதினி” என்று மூன்று பேரைச் சொன்னவள், நாலாவது முகத்தில் விரலை வைத்து வெகுநேரம் யோசித்தாள். நினைவு வரவில்லை. அம்மா போய்விட்டால் அந்த மற்ற மூவரும்கூடப் பெயரில்லாதவர்களாகத்தான் ஆகியிருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், தாளும் பசையும் அடுத்த மாதம்கூட வாங்கலாம், இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

சொன்னதைப் படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் வரை தடம் போடும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். தனிச் சீட்டில் எழுதி, படத்தோடு ஒரு கவரில் போடுங்கள். வருடம் தெரியவில்லை என்றால் பொருளே ஓரளவு சொல்லிவிடும். எங்கள் டிக்கெட்டில் ‘கட்டபொம்மன்’ என்று இருந்தது. போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் 1997-ல் மாறின, ஆக அது அதற்கு முந்தியது. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். முகவரியில் பின்கோடே இல்லாத கடிதம் பெரும்பாலும் அதற்கு முன்னால் போட்டதாக இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், எங்கள் ஆச்சி கடைசி வரை பின்கோடு எழுதியதில்லை.

அப்புறம், நகல். மூலப் படத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். சின்னப் படங்களை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் தெளிவு போகாது. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுங்கள். ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் என்று கேட்டால் 4×6 அங்குலத்தில் போட்டுத் தருவார்கள். வெட்டுவது, ஓரம் சுற்றுவது எல்லாம் அந்த நகலில்தான். ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படம் இருந்தால் உரிக்கவே வேண்டாம். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

இப்போது கடைக்குப் போகலாம். ஓவியப் பொருள் விற்கும் கடையில் கார்ட்ரிட்ஜ் தாள் என்ற தடித்த வரைதாளைக் கேளுங்கள், 200 ஜிஎஸ்எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாமல், அட்டையில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமிலம் உள்ள தாள் நாளாக நாளாக மஞ்சளாகி, தன்னோடு ஒட்டியிருப்பதையும் கெடுக்கும். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பதும் மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருளால்தான். அதனால் செய்தித்தாள் துணுக்கை நேராக ஒட்டாமல் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஏ4 அளவே வசதி, ஜெராக்ஸ் கடையிலிருந்து ஃபைல் வரை எல்லாம் அந்த அளவில்தான் கிடைக்கும். தாளை ரிங் ஃபைலில் கோத்தால் பக்கத்தை மாற்றிப்போடலாம், கெட்டுப்போனால் கழற்றிவிடலாம். பைண்ட் செய்த நோட்டில் அது முடியாது. ஸ்பைரல் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே, முதுகு ஓரமாக ஒரு சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒட்டிய பொருட்களின் கனத்தில் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

இவற்றோடு ஒரு கட்டர், ஸ்டீல் ஸ்கேல், மை ஊறாத கறுப்புப் பேனா. பேனாவை வாங்குமுன் ஒரு சோதனை: எழுதி இரண்டு நிமிடம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கலங்கினால் வேண்டாம்.

பசை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான பக்கங்கள் கெடுவது அதில்தான். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கு ஸ்கிராப்புக் ஒட்டும் பழக்கம் இருந்தது. பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவி, நனைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு புத்தகத்துக்கு அவர் 1873-ல் காப்புரிமையே வாங்கினார். தாளோடு தாள் ஒட்ட பசைக்குச்சி போதும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிய தாளில் தடவினால் சுருங்கும். தடவத்தான் வேண்டுமென்றால் பழைய பிரஷ்ஷால் மிக மெல்லியதாக, பிறகு மேலே ஒரு தாளும் கனமான புத்தகமும் வைத்து ஓர் இரவு. மைதாப் பசை வேண்டவே வேண்டாம், மாவைத் தின்ன பூச்சி வரும். செல்லோடேப் சில வருடங்களில் பழுத்து, பிடிப்பை விட்டு, கறையை மட்டும் விட்டுப்போகும். மூலப் பொருள் எதற்குமே பசை போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். ஒருமுறை செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது.

என் அத்தையின் கல்யாணப் படங்கள் ஒரு ஒட்டும் ஆல்பத்தில் இருந்தன. பக்கம் முழுக்கப் பசைக்கோடும் மேலே பிளாஸ்டிக் தாளுமாக, 80-களில் எல்லார் வீட்டிலும் இருந்த வகை. முப்பது வருடத்தில் பசை இறுகி, படங்கள் அட்டையோடு ஒன்றாகிவிட்டன. ஒன்றை இழுத்தேன், மாப்பிள்ளையின் தோள் பக்கம் கிழிந்தது. பிறகு ஒருவர் சொல்லித் தந்தார்: பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, ரம்பம் போல இப்படியும் அப்படியும் மெல்ல இழுக்க வேண்டும். ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆனது. 34 படங்களில் 31 தப்பித்தன.

பசையில்லாமல் எப்படி நிறுத்துவது? அந்த ரயில் டிக்கெட் பக்கத்தைச் சொல்கிறேன், புரியும்.

பழைய அட்டை டிக்கெட் சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். விரலில் எடுத்தால் கனமாக இருக்கும். டிக்கெட்டைத் தாளில் வைத்து பென்சிலால் மெல்லச் சுற்றி வரைந்தேன். ஒவ்வொரு மூலைக்கும் சற்று உள்ளே தள்ளி, மூலையைக் குறுக்காக வெட்டும் சாய்கோடாக, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கட்டரால் கீறினேன். நாலு கீறலிலும் நாலு மூலையைச் செருகினால் டிக்கெட் உட்கார்ந்துவிடும். வேண்டும்போது எடுத்துப் பின்பக்கத்தையும் பார்க்கலாம். படங்களுக்கு வேறு வழி: 4 சென்டிமீட்டர் நீளம், 2 அகலத்தில் ஒரு தாள் பட்டை. மேல் விளிம்பின் நடுவிலிருந்து இரு பக்கமும் கீழே மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். அப்படி நாலு செய்து, அதன் முதுகை மட்டும் தாளில் ஒட்டி, படத்தின் மூலைகளை அதற்குள் செருக வேண்டும்.

டிக்கெட்டுக்குப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: “செங்கோட்டையிலிருந்து புனலூர். அப்பா லீவு போட்டு, டிக்கெட் கிழிக்காமல் டிக்கெட் வாங்கிய ஒரே நாள். தூக்குச்சட்டியில் புளியோதரை. கழுதுருட்டி 13 கண் பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாக் கண்ணையும் அப்பா எண்ணிச் சொன்னார்.” அதற்குக் கீழே சின்னதாக: 1904-ல் திறந்த பாதை, மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நின்றது, அகலப் பாதையாகி 2018-ல் மீண்டும் ஓடியது. இந்த வருடக் கணக்கை எங்கும் தேடி எடுக்கலாம். புளியோதரையையும் மூடிய கண்ணையும் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? ‘இனிய நினைவுகள்’, ‘மறக்க முடியாத நாள்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் கோபித்தார்கள், மழை பெய்ததா என்று எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இல்லையே என்று டைப் அடித்து ஒட்டாதீர்கள். அம்மாவை ஒரு பக்கத்தில் அவள் கையாலேயே புள்ளி வைத்துக் கோலம் போடச் சொன்னேன். கை நடுங்கி ஒரு இழை தள்ளிப் போயிருக்கிறது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

பக்கத்தை அடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. ஒரு படம் பெரிதாக, மற்றவை சின்னதாக, எழுத இடம் விட்டு அடுக்கிப் பாருங்கள். ஒட்டாமல் ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் பார்த்தால் எது கூடுதல் என்று தெரியும். நான் பெரும்பாலும் ஒன்றை எடுத்துவிடுவேன்.

சில பொருட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இப்போது பஸ்ஸில் மெஷினில் வரும் டிக்கெட், கடை பில், இரண்டும் வெப்பத்தில் அச்சாகும் தாள். நகத்தால் வேகமாகக் கீறினால் கறுக்கும், சில வருடத்தில் எழுத்தே மறைந்துவிடும். வாங்கிய வாரமே நகல் எடுங்கள். தந்தித்தாள் தொட்டால் உடையும். 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுவிட்டதால் இனி ஒன்று கிடைக்கவும் போவதில்லை. அதைத் தெளிவான பாலிப்ரொப்பிலீன் கவரில் வைத்து, கவரைப் பக்கத்தில் பொருத்துங்கள். புது ரெயின்கோட் மாதிரி வாடை அடிக்கும் பிவிசி கவர் ஆகாது. பூ வைக்க ஆசைப்பட்டால் கனகாம்பரம் நன்றாகக் காயும், மல்லிகை பழுப்பாகிவிடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே, கனம் ஏற்றி இரண்டு வாரம் வையுங்கள். படத்தைத் தொடாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் ஊரில் சாரல் காலம் வந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணியே காயாது. புத்தகத்தைச் சமையலறைச் சுவரோரமும் தரையோடும் வைக்காமல், பீரோ மேல்தட்டில் படுக்கவைக்கிறேன். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவே வைப்பார்கள். நானும் அப்படி ஒரு முடிச்சை தட்டில் வைக்கிறேன், தாளில் படாமல். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதுதான் அதைவிடப் பெரிய காவல். பூச்சி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடைசி மூன்று பக்கத்தை வெறுமையாக விட்டு, பின்னட்டையில் ஒரு பை ஒட்டுங்கள். புத்தகத்தைப் பார்ப்பவர்கள் சும்மா போக மாட்டார்கள், தங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள். போன தை மாதம் கடையநல்லூர் மதினியின் மகள் வந்து புரட்டினாள். கிணற்றடிப் படத்தில் நாலாவது பெண்ணைப் பார்த்ததும், “இது எங்க சின்ன ஆச்சில்லா!” என்றாள். படத்துக்குக் கீழே பென்சிலால் போட்டு வைத்திருந்த கோட்டில் பெயரை அவளையே எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு கவர் கொடுத்தனுப்பினாள். அந்த ஆச்சி எழுதிய இன்லேண்ட் கடிதம், பின்கோடு இல்லாதது. இப்போது பின்னட்டைப் பையில் இருக்கிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டிய பிறகு அதற்கு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.